பழைய ஸ்போர்ட்ஸ் வண்டியிலிருந்து சாதுவான வண்டிக்கு மாறினவங்க, உங்களுக்கு எது முதல்ல உறைச்சது?

நெடுஞ்சாலைக்காரன்:

கேடிஎம் டியூக் 390 (2014 மாடல்) குடுத்துட்டு ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 எடுத்திருக்கேன். ரெண்டு வண்டியையும் தெரியாதவங்க இங்க யாரும் இல்ல, நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

இருவழிச் சாலை. முன்னாடி ஒரு லாரி அறுபதுல போகுது. எதிர்ப்பக்கம் காலி. டியூக்குல கை எப்படிப் பழகியிருந்துச்சோ அப்படியே ஒரு கியரை இறக்கி முழுசா முறுக்கினேன். சத்தம் மாறிச்சு, வேகம் மாறல. ஏறுச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா அது பாட்டுக்கு ஏறுச்சு. லாரியோட பின்சக்கரத்துக்குப் பக்கத்துல போய் நிக்கிறேன். மட்கார்டுக்குக் கீழ தொங்குற ரப்பர்ல காய்ஞ்சு ஒட்டியிருந்த சேறு, அதுல விழுந்திருந்த வெடிப்பு, எல்லாம் தெளிவாத் தெரியுது. அந்தச் சக்கரம் என்னை விட்டுப் பின்னாடி போகவே மாட்டேங்குது. டியூக்கா இருந்தா அந்நேரத்துக்கு லாரி கண்ணாடியில சின்னதா ஆகியிருக்கும். எதிர்ல ரொம்பத் தள்ளி ஒரு பஸ்ஸோட லைட் தெரிஞ்சுச்சு. தாண்டி உள்ள வர்றதுக்கு இடம் தாராளமா இருந்துச்சு, ஆபத்தா எதுவும் நடக்கல. ஆனா அந்தச் சேறு ஒட்டின ரப்பர் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

மத்த எல்லாத்துலயும் மீட்டியோர் எனக்குப் பிடிச்சிருக்கு. நெரிசல்ல ரெண்டாவது கியர்ல போட்டுட்டா கிளட்சைத் தொடாம ஊர்ந்து போகுது, நாள் முழுக்க ஓட்டினாலும் மணிக்கட்டு வலி இல்ல. மாறினவங்க சொல்லுங்க, உங்களுக்கு எங்க இடிச்சது?

ஆர்எக்ஸ் பிரியன்:

எனக்கு ஓவர்டேக் இல்லண்ணே, இறக்கம்.

யமஹா ஆர்எக்ஸ் 100 (பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலோட ஆயிலும் சேர்ந்து எரியும்) இன்னும் வீட்லதான் நிக்குது, குடுக்கிற எண்ணமே இல்ல. தங்கச்சி ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350 எடுத்தா. மலை இறங்குறப்ப நான் ஓட்டினேன், அவ பின்னாடி. ஆர்எக்ஸ் வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், நீண்ட இறக்கத்துல ஆக்சிலேட்டரை முழுசா மூடிட்டு உருளவிடக் கூடாது. இஞ்சினுக்கு ஆயில் அனுப்புற ஆட்டோலூப் பம்ப் ஆக்சிலேட்டர் கேபிளோட சேர்ந்துதான் வேலை செய்யுது. கையை விட்டா ஆயில் வரத்தும் குறைஞ்சிரும், ஆனா சக்கரம் இஞ்சினைச் சுத்திக்கிட்டேதான் இருக்கும். அதனால நடுநடுவுல லேசா ஒரு முறுக்கு. இத்தனை வருஷத்துல அது மணிக்கட்டுக்குள்ளயே ஊறிப் போச்சு.

கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது கியர், உள்ள திரும்புறேன். மணிக்கட்டு தன் வேலையைச் செஞ்சிருச்சு. ஆர்எக்ஸ்ல அந்த முறுக்குக்கு ‘ரிங்’னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஹன்டர் ஒரு எட்டு முன்னால பாஞ்சுது. கையை மூடினதும் யாரோ பின்னாடி இருந்து பிடிச்சு இழுத்த மாதிரி தடுத்துச்சு. தங்கச்சி ஹெல்மெட் என் ஹெல்மெட்ல ‘டொக்’னு இடிச்சுது. “ஏண்ணே, திருப்பத்துல போய் முறுக்குற?”ன்னு கேட்டா.

அதுக்கப்புறம் கையைச் சும்மா விட்டுப் பார்த்தேன். 181 கிலோ வண்டி, மேல ரெண்டு பேரு, ரெண்டாவது கியர்ல இஞ்சினே பிடிச்சுக்கிட்டு இறங்குது. பிரேக்கைத் தொட வேண்டிய இடமே கொஞ்சம்தான். டூ ஸ்ட்ரோக்குல அந்தப் பிடிப்பு கிடையவே கிடையாது, இறக்கம் முழுக்க பிரேக்தான் பொறுப்பு. ஏத்தத்துல நான் இன்னும் ஆர்எக்ஸ் பக்கம்தான். 98 சிசி, 11 பிஎச்பி (குதிரைத்திறன்), நூறு கிலோவை ஒட்டின எடை, அது ஏறுற சுகமே தனி. ஆனா இறக்கத்துல எது நல்லதுன்னு இப்ப என்னைக் கேட்டா பதில் மாறிடும்.

செயின் ஸ்ப்ராக்கெட்:

நெடுஞ்சாலைக்காரருக்கு: “சத்தம் மாறிச்சு, வேகம் மாறல”ன்னு எழுதியிருக்கீங்க. வண்டி அப்படித்தான் இருக்கும், அது அப்படி இருக்கணும்னே செஞ்சது. மீட்டியோர் இஞ்சின்ல போர் (சிலிண்டரோட அகலம்) 72 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 85.8 மிமீ. டியூக்குல போர் 89, ஸ்ட்ரோக் 60. ஒண்ணு நீளமா மிதிக்கும், இன்னொண்ணு குட்டையா, வேகமா மிதிக்கும்.

மீட்டியோரோட முழு டார்க் (சக்கரத்தைச் சுத்துற இழுவை) 27 நியூட்டன் மீட்டர், அது இஞ்சின் நிமிஷத்துக்கு 4,000 சுத்து (ஆர்பிஎம்) சுத்துறப்பவே வந்துடுது. கணக்குப் போட்டா அந்த இடத்துல ஏறக்குறைய 15 பிஎச்பி. வண்டியோட உச்சமே 6,100-ல 20 சொச்சம்தான். அப்ப கியரை இறக்கி முறுக்கினா உங்களுக்குக் கூடுதலாக் கிடைக்கிறது அஞ்சு குதிரை. டியூக்குல 7,000 தாண்டினாத்தான் 35 நியூட்டன் மீட்டர் முழுசா வரும், அங்க 34 பிஎச்பி கிட்ட இருக்கும், அதுக்கு மேலயும் ஏறி 43 வரைக்கும் போகும். அதான் அங்க ஒரு கியர் இறக்கினதும் வேற வண்டியில உக்காந்த மாதிரி இருக்கும். இங்க ஏற்கெனவே குடுத்ததைத்தான் திரும்பக் குடுக்கும்.

அதனால ஓவர்டேக்கை லாரிக்குப் பக்கத்துல போய் ஆரம்பிக்காதீங்க. நல்லா இடைவெளி விட்டுப் பின்னாடி இருங்க, எதிர்ப்பக்கம் காலியாகுற நேரத்தைப் பார்த்துப் பின்னாடியே வேகம் எடுத்து, எண்பதுல வெளிய வாங்க. லாரி நீளம், முன்னயும் பின்னயும் விடுற இடம் சேர்த்து 40 மீட்டர்னு வைங்க. இருபது கிமீ வேக வித்தியாசத்துல அதைக் கடக்க ஏழு செகண்டுக்கு மேல ஆகும். எதிர்ல வர்றவனும் எண்பதுன்னா அந்த நேரத்துல ரெண்டு பேருக்கும் நடுவுல 300 மீட்டருக்கு மேல கரைஞ்சிரும். அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியலன்னா வெளிய வரவே கூடாது. வளைவுக்கு முன்னாடி, பாலத்து மேல, மேடு ஏறுற இடத்துல எல்லாம் ஆசையை விட்டுடுங்க. பின்சீட்ல ஆள் இருந்தா இன்னும் கூட்டிக்குங்க. டயர் காத்து, செயின் தொய்வு ரெண்டையும் பார்த்து வைங்க. பின் ஸ்ப்ராக்கெட்ல (செயின் ஓடுற பல்சக்கரம்) பல் கூட்டினா பிக்கப் கிடைக்கும்னு யாராவது சொல்லுவாங்க, செய்யாதீங்க. நெடுஞ்சாலையில இஞ்சின் தேவையில்லாம அலறும், ஓவர்டேக்குல நீங்க தேடுற இழுவையும் வராது.

என் கதை ரெண்டு வரிதான். பழைய ஹீரோ ஹோண்டா கரிஷ்மாவுல (அதுவும் ஸ்போர்ட்ஸ் வண்டிதான்) இருந்து 350-க்கு மாறினேன். சிக்னல்ல பச்சை விழுந்ததும் பக்கத்துல நின்ன ஸ்கூட்டர் என்னை விட்டுட்டுப் போச்சு. இன்னும் அது உறுத்துது.

இரட்டைச் சைலன்சர்:

இது என் அப்பாவுக்கு நடந்தது. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான்.

அப்பா ராஜ்தூத் ஆர்டி 350 ஓட்டிப் பழகியவர். 347 சிசி இரட்டைச் சிலிண்டர், முதலில் வந்த மாடலுக்கு 30 பிஎச்பி. இதன் மூலமான யமஹா வண்டிக்கு ஜப்பானில் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் கொண்டுவந்தபோது இரண்டு சக்கரத்திலும் பழைய வகை டிரம் பிரேக். அந்த வேகத்தை டிரம்மில் நிறுத்தியவர்களுக்கு ஒரு கை இருக்கும்: அழுத்து, விடு, மறுபடி அழுத்து. சக்கரம் பூட்டிக்கொள்ளும் தருணத்தை விரலிலேயே உணர்வார்கள்.

நான் வாங்கிய புதிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ ஓட்டிப் பார்க்கக் கொடுத்தேன். ஐம்பதில் போகிறோம், சாலையில் மெல்லிய மணல். ஒரு நாய் குறுக்கே வந்தது. அப்பா இரண்டு பிரேக்கையும் பிடித்தார். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பிரேக்கைத் தானே விட்டுவிட்டுப் பிடிக்கும் அமைப்பு) வேலை செய்ய ஆரம்பித்து லீவர் விரலுக்குள் அதிர்ந்தது. உடனே பிரேக்கை முழுவதுமாக விட்டுவிட்டார். அவர் தோள்கள் தளர்ந்ததை நான் பார்த்தேன். வண்டி பிடிப்பே இல்லாமல் உருண்டது. நாய் தானாக ஓடிவிட்டது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. நிறுத்தி இறங்கி, “பிரேக்கில் ஏதோ உடைஞ்சிடுச்சுடா” என்று சொல்லிவிட்டுக் குனிந்து டிஸ்க்கைப் பார்த்தார்.

வண்டி சரியாகத்தான் இருந்தது. அவர் கையும் சரியான கைதான், அவர் ஓட்டிய வண்டிக்கு. 125 சிசிக்கு மேல் உள்ள புது வண்டிகளுக்கெல்லாம் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு முன் பழகிய பெரியவர்களிடம் வண்டியைக் கொடுக்கும்போது லீவர் அதிரும், அதிர்ந்தாலும் விடாமல் பிடியுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. வாயால் சொன்னாலும் போதாது. காலி மைதானத்தில், மண்ணில், முப்பதில் போய் வேண்டுமென்றே அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் விரல் விடாமல் நின்றது.

நெடுஞ்சாலைக்காரன்:

செயின் ஸ்ப்ராக்கெட், 15 பிஎச்பி கணக்கு புரிஞ்சுது, அதுக்கு நன்றி. ஆனா ஓவர்டேக் எப்படின்னு நான் கேக்கவே இல்ல. எவ்வளவு தூரம் வேணும்னு பார்த்துத்தான் வெளிய வந்தேன், எழுதியிருக்கேனே. நான் சொன்னது கையும் காதும் எதிர்பார்த்தது ஒண்ணு, வந்தது வேற ஒண்ணு என்கிறதைத்தான். ஆர்எக்ஸ் பிரியன் சொன்ன மணிக்கட்டும், மேல சொன்ன அப்பாவோட விரலும் அதேதான்.

வளைவு:

மேல எழுதின யாரும் வளைவுல வண்டியைச் சாய்க்கிறதைப் பத்திப் பேசலையே. யமஹா ஆர்15 இரண்டாம் பதிப்புல இருந்து நானும் மீட்டியோருக்குத்தான் வந்தேன். ஆர்15-ல கால் வைக்கிற கம்பி பின்னாடி, உயரத்துல இருக்கும். எவ்வளவு சாய்ச்சாலும் டயர் ஓரத்தைத்தான் கவனிப்பேன், கம்பி நினைப்பே வராது. மீட்டியோர்ல கம்பி முன்னாடி, தாழ்வா. தெரிஞ்ச வளைவுதான், வழக்கமாப் போற வேகத்தைவிடக் குறைச்சலாத்தான் போனேன். இடது காலுக்கு அடியில ‘கர்ர்ர்’னு நீளமா ஒரு சத்தம். கம்பி ரோட்டைத் தொட்டு மேல மடங்குது, அதோட சேர்ந்து பாதமும் மேல வருது. வண்டி ஆடவே இல்ல, கோட்டை விட்டு இம்மி நகரல. பயந்தது நான் மட்டும்தான்.

இப்ப நான் அந்த வளைவை வெளி ஓரத்துலயே கொஞ்சம் கூடுதலா ஓட்டி, தாமதமாத் திரும்புறேன். சாய்வு குறைவாப் போதுது, சத்தமும் வர்றதில்ல. ஹன்டர்ல கம்பி இவ்வளவு முன்னாடி இல்லையே, அதுல தொடுதான்னு ஆர்எக்ஸ் பிரியன் சொன்னா நல்லா இருக்கும்.