ஆற்றுக்கும் காளைக்கும் 'சட்டப்படியான நபர்' என்ற தகுதி வேண்டுமா?

பொருநைக்கரையான்:

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி எஸ். ஸ்ரீமதி 2022 ஏப்ரல் 19 அன்று அளித்த தீர்ப்பு, இயற்கை அன்னையைச் சட்டப்படியான நபராக, அதாவது தன் பெயரிலேயே உரிமைகளும் வழக்காடும் தகுதியும் உள்ளவராக, அறிவித்தது. வழக்கு என்னவோ, வனப் புறம்போக்கு நிலத்துக்குப் பட்டா வழங்கியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு வருவாய்த் துறை அலுவலர் தன் தண்டனையை எதிர்த்துத் தொடுத்ததுதான். அதன் ஊடே வந்த இந்த அறிவிப்பு, ஒரு நீதிபதியின் நல்லெண்ணமாக ஏட்டில் நின்றுவிடாமல், சட்டமன்றம் இயற்றும் சட்டமாகவே வர வேண்டும் என்பது என் வாதம்.

இது நமக்குப் புதிய சிந்தனையும் அன்று. கோயிலில் இருக்கும் இறைவனை நம் நீதிமன்றங்கள் சொத்து வைத்திருக்கவும் வழக்குத் தொடுக்கவும் தகுதியுள்ள நபராக நூறாண்டுகளுக்கு மேலாக ஏற்று வந்திருக்கின்றன. கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்துச் சிலை தொடர்பான வழக்கில், அன்று நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் 1925-இல், குலதெய்வம் வெறும் தட்டுமுட்டுச் சாமான் அன்று என்றும், அதன் விருப்பத்தை எடுத்துச் சொல்லத் தன்னலம் இல்லாத ஒருவரை நீதிமன்றம் அமர்த்த வேண்டும் என்றும் கூறியது. களவுபோய் இலண்டனை அடைந்த நம் பத்தூர் நடராசர் சிலைக்கான வழக்கில் 1991-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கோயிலையே வழக்காளியாக ஏற்றுக்கொண்டது. முதலாளிகள் மாறினாலும் கம்பெனி தன் பெயரிலேயே வழக்காடுகிறது. கல்லுக்கும் காகிதத்தில் மட்டுமே வாழும் நிறுவனத்துக்கும் கிடைத்த இடம், ஓடுகிற ஆற்றுக்கும் வலி உணர்கிற விலங்குக்கும் ஏன் கிடைக்கக் கூடாது?

இப்போதைய நிலை என்ன? விலங்கு நம் சட்டத்தில் ஓர் உடைமை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, முதல் முறை கொடுமை செய்தவருக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. அந்தச் சட்டம் வருவதற்கு மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து வழிவகுத்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். அவர் காலத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மதிப்பாவது இருந்தது.

கறுப்பங்கி:

இந்தத் துறையில் சில காலம் வழக்காடியவன் என்ற முறையில் எதிர்வாதம் வைக்கிறேன். உரிமை கொடுப்பது எளிது. நபர் என்று ஆக்கிவிட்டால் பொறுப்பும் உடன் வரும் என்பதை நண்பர் பேசவே இல்லை.

உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2017 மார்ச் 20 அன்று கங்கையையும் யமுனையையும் உயிருள்ள நபர்களாக அறிவித்து, மாநிலத் தலைமைச் செயலாளர், தலைமை வழக்கறிஞர், கங்கையைத் தூய்மைப்படுத்தும் நமாமி கங்கே திட்டத்தின் இயக்குநர் ஆகியோரைப் பெற்றோர் நிலையில் நிறுத்தியது. நான்கே மாதங்களில் அந்த மாநில அரசே உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. பல மாநிலங்களைக் கடந்து பாயும் ஆற்றுக்கு ஒரு மாநிலத்தின் அதிகாரி எப்படிக் காப்பாளராவார், வெள்ளத்தில் வீடு இழந்தவர் தலைமைச் செயலாளர்மீது நட்டஈட்டு வழக்குத் தொடுத்தால் என்ன செய்வது என்று அது கேட்டது. ஜூலையில் அந்தத் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தக் கேள்விகள் கேலிக்குரியவை அல்ல. சட்டத்தில் விடை சொல்லியாக வேண்டியவை.

விலங்குகளின் கதையும் அதுவே. நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சி சாலையில் வாழ்ந்த ஹேப்பி என்ற ஆசிய யானை, கண்ணாடியில் தன்னைத் தானே அடையாளம் கண்டுகொண்ட யானை. அதன் சார்பில், சட்டவிரோதமாக அடைக்கப்பட்ட மனிதரை விடுவிக்கக் கோரும் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். 2022 ஜூனில் அம்மாநிலத்தின் உச்ச நிலை நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் மனுவைத் தள்ளுபடி செய்தது. மாறுபட்ட இருவரின் தீர்ப்புகள் உருக்கமானவை. ஆனால் யானை அங்கேயேதான் இருந்தது.

நம் நீலகிரியைப் பாருங்கள். சீகூர் பகுதியின் யானை வழித்தடத்தைத் தமிழக அரசு 2010 ஆகஸ்டில் அரசாணை மூலம் அறிவித்தது. உயர் நீதிமன்றம் அதை 2011-இல் ஏற்றது. விடுதி உரிமையாளர்களின் மேல்முறையீட்டை 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரித்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் குழு அமைத்தது. அதில் யானை வழக்காளியும் அன்று, நபரும் அன்று. ஒரு குடிமகன் தொடுத்த பொதுநல வழக்கும், சூழலைக் காப்பதை அரசுக்கும் குடிமகனுக்கும் கடமையாக்கும் அரசமைப்பின் 48-அ, 51-அ(எ) பிரிவுகளும், சென்னையிலேயே அமர்வு நடத்தும் பசுமைத் தீர்ப்பாயமும் இருக்கும்போது, புதிதாக ஒரு தகுதியைக் கற்பித்து எதைச் சாதிக்கப் போகிறோம்?

மாட்டுத்தாவணி:

பரம்பரையாகக் காளை வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான். பொருநைக்கரையான் ஐயாவின் வாதத்தில் எனக்கு அச்சம் தருவது ஆறு அன்று, "விருப்பத்தை எடுத்துச் சொல்ல ஒருவர்" என்ற சொற்றொடர்தான். என் காளையின் விருப்பத்தை யார் சொல்வது?

இராமநாதபுரம் மாவட்டத்தில் ரேக்ளா என்னும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு அனுமதி கேட்டுப் போன வழக்கில், கேட்டவரே எதிர்பாராத வகையில், 2006 மார்ச்சில் ஜல்லிக்கட்டுக்கும் சேர்த்தே மதுரைக் கிளையில் தடை வந்தது. மறு ஆண்டு அதை இரு நீதிபதிகள் அமர்வு மாற்றியது. 2011-இல் மத்திய அரசு காளையைக் காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் ஆகியோர் முழுத் தடை விதித்தார்கள். 2017 தைப் போராட்டத்துக்குப் பின் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அதைச் செல்லும் என்றார்கள். இந்தப் பதினேழு ஆண்டுகளில் காளையின் சார்பில் பேசுவதாகச் சொன்னவர்களில் எத்தனை பேர் காளைக்குத் தவிடு கரைத்து வைத்திருப்பார்கள்?

புலிக்குளம் மாடு உழவுக்கும் வண்டிக்கும் தேவைப்படாமல் போன காலத்தில், காளைக் கன்றை விற்காமல் வைத்திருக்க எங்களுக்கு இருக்கும் ஒரே காரணம், ஜல்லிக்கட்டுக் காளையை அவிழ்த்துவிடும் வாடிவாசல். அதையும் அடைத்துவிட்டு, அடிமாட்டு வண்டியில் ஏறிப் போகும் கன்றுக்கு நபர் என்ற பட்டத்தைக் கொடுத்தால் அது நன்றி சொல்லுமா?

பொருநைக்கரையான்:

மாட்டுத்தாவணி அவர்கள் தம் காளையை அன்போடு வளர்க்கிறார் என்பதை நான் ஐயுறவில்லை. ஆனால் 2014 தீர்ப்பில் விலங்கு நல வாரியத்தின் அறிக்கைகள் எடுத்துக்காட்டப்பட்டிருக்கின்றன. வாலை முறுக்கியதும் கடித்ததும், கண்ணில் மிளகாய்ப் பொடி தூவியதும், சாராயம் ஊட்டியதும் அவற்றில் உள்ளன. அவற்றைச் செய்தவர்களிலும் தவிடு கரைத்து வைத்தவர்கள் இருந்திருக்கக்கூடும். பெற்ற தந்தையே ஆனாலும், பிள்ளையின் சொத்தில் அவருக்கும் பங்கு வேண்டும் என்ற வழக்கு வந்துவிட்டால், பிள்ளைக்காக வாதாட நீதிமன்றம் வேறொருவரைத்தான் அமர்த்துகிறது. பாசத்தைச் சந்தேகித்து அல்ல, நலன்கள் மோதுகின்றன என்பதால். பரிசுக்கும் பெருமைக்கும் காளையை அவிழ்ப்பவரின் நலனும், அந்தக் காளையின் நலனும் எப்போதும் ஒன்றே என்று சொல்ல முடியாது. விளையாட்டை ஒழிப்பதையே கொள்கையாகக் கொண்ட அமைப்பின் நலனும் அப்படித்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே இருவரும் அல்லாத ஒருவர் வேண்டும்.

கறுப்பங்கி அவர்கள் காட்டிய உத்தராகண்ட் தோல்விக்குக் காரணம் நபர் என்ற தகுதி அன்று. ஆற்றைக் கெடவிட்ட அரசின் அதிகாரிகளையே ஆற்றுக்குக் காப்பாளர்களாக்கியதுதான் காரணம். பிரதிவாதியைக் கூப்பிட்டு வாதியின் வக்காலத்தைக் கொடுத்தால் வழக்கு எப்படி நடக்கும்? நியூசிலாந்தில் வாங்கனூயி ஆற்றுக்கு 2017-இல் அதே தகுதியை நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தந்தது. அரசு அமர்த்தும் ஒருவரும் ஆற்றங்கரையில் வாழும் மாவோரிப் பழங்குடி மக்கள் அமர்த்தும் ஒருவரும் சேர்ந்து ஆற்றின் முகமாக இருக்கிறார்கள். ஆற்றின் நலத்துக்கென்று மூன்று கோடி நியூசிலாந்து டாலர் நிதியும் ஒதுக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே மனுக் கொடுத்து வந்த ஒரு மக்கள் கூட்டத்தோடு பேசி முடித்த உடன்பாடு அது. அதைத்தான் கேட்கிறேன்.

வாணியம்பாடியான்:

மூவர் வாதத்தையும் படித்தேன். எங்கள் பாலாற்றின் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது.

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பை இந்தியாவின் எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் கற்பிக்கிறார்கள். தீங்கு வருமுன் காக்க வேண்டும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற இரண்டு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது அந்தத் தீர்ப்பு. தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதாக அதிலேயே பதிவாகியிருக்கிறது. ஒவ்வோர் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் தண்டம். இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம். உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு. அத்தனையும் சொல்லப்பட்டன.

அதன் பிறகு 2025 ஜனவரி 30 அன்று, நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, இழப்பீடு இன்னும் சேராத குடும்பங்களுக்கு ஆறு வாரங்களுக்குள் அரசே கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்று மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இடையில் ஓடியவை இருபத்தெட்டு ஆண்டுகள். எங்கள் வீட்டுக் கிணற்று நீரில் சோறு வேகாது. துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது.

எனவே இருவரிடமும் கேட்கிறேன். கறுப்பங்கி அவர்களே, போதுமான கருவிகள் இருக்கின்றன என்றீர்கள். அவை இருந்தும் இதுதான் நடந்தது. பொருநைக்கரையான் அவர்களே, நாளை பாலாற்றை நபர் என்று அறிவித்தால், ஆலை கட்டும் பணம் ஆற்றுக்குச் சேருமா, நிலம் இழந்த எனக்குச் சேருமா?

கறுப்பங்கி:

வாணியம்பாடியானின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தத் தீர்ப்பை வீண் என்று எழுதிவிட முடியாது. பாலாற்றங்கரையில் நிலைநாட்டிய வருமுன் காக்கும் நெறியைத்தான் 2020-இல் சீகூர் யானைகளுக்காக உச்ச நீதிமன்றம் கையிலெடுத்தது. தீமை நிகழ்ந்ததற்கு முழுச் சான்று வரட்டும் என்று அரசு காத்திருக்கத் தேவையில்லை என்பது அங்கே விடுதிகளுக்கு எதிராக நின்றது. ஒரு வழக்கின் பயன் வேறோர் ஊரில் போய் விளைவது எங்கள் தொழிலில் வழக்கம்தான். பாலாற்றுக்காரருக்கு அது ஆறுதல் ஆகாது என்பதும் தெரியும்.

2025 தீர்ப்பையும் கவனியுங்கள். ஆணையிட்டுக் கைகழுவாமல், குழு அமைத்து, நீதிமன்றமே தொடர்ந்து கண்காணிக்கும் முறையை அது தேர்ந்தது. குறை செயலாக்கத்தில் இருக்கிறது என்றால் மருந்தும் அங்கேதான் இருக்க வேண்டும். ஆற்றுக்கு வாக்காளர் அட்டை கொடுப்பதால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வாளர் ஆலைக்குள் போய்விட மாட்டார்.

மாட்டுத்தாவணி:

சீகூரைச் சொல்லும்போது அங்கே விடுதிக்காரர்கள் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். வழித்தடத்தின் எல்லையைப் பற்றிக் கவலைப்பட்டவர்களில் தலைமுறையாக வாழும் குடியினரும் உண்டு. விலங்குக்காக வழக்காடும்போது அந்தக் குரல் கடைசி வரிசைக்குத் தள்ளப்படுகிறது. எங்கள் ஊரிலும் அதுதான் நடந்தது.

பொருநைக்கரையான்:

பணம் யாருக்கு என்ற கேள்விக்கு 1996 தீர்ப்பிலேயே விடை இருக்கிறது. பாதிக்கப்பட்ட தனி மனிதர்களுக்கான ஈடு ஒரு தலைப்பு. கெட்டுப்போன சூழலை மீட்கும் செலவு இன்னொரு தலைப்பு. இரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்றது தீர்ப்பு. ஆகவே வாணியம்பாடியானின் பங்கில் ஆறு கைவைக்காது.

ஆனால் முதல் தலைப்புக்குப் பெயரும் முகவரியும் உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. கிடைக்காவிட்டால் அவர்கள் ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்பார்கள், மேல்முறையீடு போவார்கள். இரண்டாம் தலைப்பில் வர வேண்டிய தொகை வரவில்லை என்று, தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனுப் போட உரிமையும் கடமையும் உள்ளவர் யார்? பாலாற்றுக்கு ஒரு காப்பாளர் இருந்திருந்தால், அந்தக் கணக்கைக் கேட்பது அவருடைய வேலையாக இருந்திருக்கும். வெள்ள நட்டத்துக்கு ஆறு பொறுப்பாகாது என்று சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கை எழுதிவிடலாம், சிறுவர்களுக்கு எழுதவில்லையா?

கறுப்பங்கி:

விதிவிலக்கோடு எழுதப்படும் சட்டம் என்றால், உத்தராகண்டைக் காட்டி நான் எழுப்பிய தடைகளில் ஒன்று குறைகிறது. மற்றது குறையவில்லை. பாலாறு கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரத்தின் வழியாக இங்கே வருகிறது. தமிழகச் சட்டமன்றம் அமர்த்தும் காப்பாளர் நந்தி மலையில் என்ன அதிகாரத்தோடு பேசுவார்? மேலும் 2025 ஆணையைப் பெற்றுத் தந்த மேல்முறையீட்டைத் தொடுத்தது வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு என்னும் குடிமக்கள் அமைப்பு. அதற்கு எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை. நாளை ஊதியம் பெறும் ஒரு காப்பாளர் வந்துவிட்டால், "ஆற்றுக்காகப் பேச அவர் இருக்கிறாரே, உமக்கென்ன தகுதி?" என்று அந்தக் குழுவைப் பார்த்து அரசு வழக்கறிஞர் முதல் நாளே கேட்பார். அந்தக் கேள்வியைத் தடுக்கும் பிரிவை உங்கள் வரைவில் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.