தங்க மோதிரமா, டின் வளையமா: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

உலோகம் கண்டறியும் கருவியுடன் நிலங்களில் தேடும் பொழுதுபோக்கில் ஈடுபட்டுள்ள அனைவருக்கும் வணக்கம். 1992-இல் இங்கிலாந்தின் ஹாக்ஸன் கிராமத்தில், தொலைந்துபோன சுத்தியலைத் தேடச் சென்ற எரிக் லாஸ் என்பவருக்கு ஏறத்தாழ 15,000 ரோமானிய நாணயங்கள் கொண்ட புதையல் கிடைத்தது. அந்தச் சுத்தியலும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் கனவு அவ்வளவு பெரிதன்று. பழைய பொன் நாணயம் ஒன்று கிடைத்தால் போதும்.

இடர்ப்பாடு என்னவென்றால், மெல்லிய தங்க மோதிரமோ சிறு பொன் நாணயமோ எழுப்பும் ஒலியும் திரையில் காட்டும் எண்ணும், குளிர்பான டின்னின் இழுப்பு வளையத்துக்கும் கசங்கிய அலுமினியத் தாளுக்கும் ஏறக்குறைய அப்படியே அமைந்துவிடுகின்றன. குப்பையை ஒதுக்கும் அமைப்பைக் கூட்டினால் தங்கமும் சேர்ந்தே ஒதுங்கிவிடுகிறது. கூட்டாவிட்டால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு குழி தோண்டி, பிறகு அதை ஒழுங்காக மூடவும் வேண்டியிருக்கிறது.

பொன் நாணயமோ மோதிரமோ கண்டெடுத்தவர்கள், தோண்டுவதற்கு முன்பே ஒலியில் ஏதேனும் வேறுபாட்டை உணர்ந்தீர்களா என்றும், துருப்பிடித்த ஆணிகள் நிறைந்த இடத்தில் சிறிய தேடுசுருள் (கருவியின் அடிமுனையில் உலோகத்தை உணரும் வட்டப் பகுதி) உண்மையிலேயே பயன்பட்டதா என்றும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உரிமையாளரின் அனுமதி பெற்ற நிலத்தில் மட்டுமே தேடுகிறேன் என்பதால், கருவியின் அமைப்புகளைப் பற்றிய விளக்கமே எனக்கு இப்போது தேவை.