வேற மாடல் பின் சக்கரம்: ஆக்ஸிலும் செயின் லைனும் இடிக்குது

வணக்கம் நண்பர்களே. என் 150 சிசி பைக்கில் ஸ்போக் வீலைக் கழற்றிவிட்டு, வேறொரு மாடலின் பின்பக்க அலாய் வீலை மாட்டப் பார்க்கிறேன். இரண்டுமே டிரம் பிரேக், 17 இன்ச். ஸ்விங் ஆர்முக்கு (பின் சக்கரத்தைத் தாங்கும் கவை) நடுவே தாராளமாக உட்காருகிறது. சிக்கல் வேறு இடத்தில்.

என் ஆக்ஸில் (சக்கரத்தின் அச்சுத் தண்டு) 15 மி.மீ. இந்தச் சக்கரத்தில் இருப்பது 6203 பேரிங், உள்விட்டம் 17. பதிலுக்கு 15 மி.மீ. துளையுள்ள 6202 போடலாம் என்றால் அதன் வெளிவிட்டம் 35. 6302 என்றால் 42. சக்கரத்தில் பேரிங் உட்காரும் 40 மி.மீ. குழியில் இரண்டுமே சேராது. 6203-ஐயே வைத்துக்கொண்டு, ஆக்ஸிலுக்கும் பேரிங்குக்கும் நடுவே லேத்தில் 1 மி.மீ. கனத்துக்கு ஸ்லீவ் (குழாய் உறை) கடைந்து விட்டால் தாங்குமா? 17 மி.மீ. ஆக்ஸில் போட்டு ஸ்விங் ஆர்மை ராவ எனக்கு மனசு ஒப்பவில்லை.

அடுத்தது, பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) முன் ஸ்ப்ராக்கெட்டின் நேர்க்கோட்டை விட்டு 4 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. ஸ்பேசரை (ஆக்ஸிலில் இடைவெளிக்குப் போடும் வளையம்) குறைத்தால் சக்கரமே நடுவிலிருந்து விலகிவிடும். பின் ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் கேரியரைக் கடையலாமா, முன் ஸ்ப்ராக்கெட்டை வெளியே தள்ளலாமா? ("வாஷர் போடுங்க" மட்டும் வேண்டாம், ப்ளீஸ்!)

பிரேக் பிளேட்டைப் பிடிக்கும் டார்க் ராடு துளையும் பொருந்தவில்லை. அதைச் சும்மா விட்டால் பிரேக் மிதிக்கும்போது பிளேட்டே சுற்றும். இதற்குத் தனியாக பிராக்கெட் செய்தவர்கள் படம் போட்டால் உதவியாக இருக்கும்.