ஸ்லோ குக்கரில் பன்றி விலா: புதிதாக வெளிநாடு போன குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு

கேள்வி: கருங்கல், இப்போது மான்செஸ்டர்

அக்கா, இங்கே வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. மருத்துவமனை வேலை. பகல் ஷிப்ட் முடிந்து வீடு வந்து சேர இரவு எட்டரை ஆகிறது. ஊரிலிருந்து சுமந்து வந்த அலுமினியக் குக்கர் இங்குள்ள இண்டக்ஷன் அடுப்பில் சூடாகவே மாட்டேன் என்கிறது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஸ்லோ குக்கர் ஒன்று அலமாரியில் கிடக்கிறது. உடன் வேலை செய்பவர்கள் இந்த மாதிரிக் குக்கரில் பார்பிக்யூ ரிப்ஸ், அதாவது சாஸ் பூசிய பன்றி விலா, செய்து கொண்டுவருகிறார்கள். கை வைத்தாலே கறி எலும்பை விட்டு வந்துவிடுகிறது. கறி வாங்குவதிலிருந்து சொல்லித் தருவீர்களா?

பதில்: தக்கலை (முன்பு அயர்லாந்து)

அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் இண்டக்ஷனில் சூடாகும், மக்களே. பெட்டி கட்டும்போதே யாராவது உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். போகட்டும். ஸ்லோ குக்கர் இருக்கிறதே, மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் அந்த மின்பானை பெரிய துணை. 200 அல்லது 250 வாட்தான் இழுக்கும். எட்டு மணி நேரம் ஓடினாலும் இரண்டு யூனிட்டைத் தாண்டாது.

ஆனால் இதில் வருவது அசல் பார்பிக்யூ அல்ல. அமெரிக்கர்கள் விலாவை 110 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், விறகுப் புகையில், மணிக்கணக்காக வாட்டுகிறார்கள். ஸ்லோ குக்கரில் புகையும் கிடையாது, உலர்ந்த சூடும் கிடையாது. கறி தன் ஆவியிலேயே வேகிறது. ஆனாலும் கறி மென்மையாவதற்குக் காரணம் இரண்டிலும் ஒன்றுதான். விலாக்கறியில் கொலாஜன் என்ற இணைப்புத் திசு நிறைய உண்டு. அது 70 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் மெல்ல மெல்ல ஜெலட்டினாக மாறும். பன்றிக்கறி 63 டிகிரியைத் தொட்டுச் சில நிமிடங்கள் ஆறினாலே உண்ணப் பாதுகாப்பானது. ஆனால் அந்தப் பதத்தில் விலாவைக் கடித்தால் செருப்புத்தோல்தான். 90, 95 வரை ஏறி அந்தச் சூட்டிலேயே வெகுநேரம் நிற்க வேண்டும். அந்தப் பொறுமை மனிதருக்கு இல்லை, குக்கருக்கு இருக்கிறது.

கடையில் பேபி பேக், ஸ்பேர் என்று இரண்டு வகை பார்ப்பாய். பேபி பேக் முதுகெலும்பை ஒட்டிய விலா. குட்டையானது, கொழுப்புக் குறைவு, விலை அதிகம். ஸ்பேர் ரிப்ஸ் அடிவயிற்றுப் பக்கத்து விலா. பெரியது, கொழுப்பு கூடுதல். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். கிறிஸ்துமஸ் காலையில் பன்றிக்கறிக் கடையில் நின்றுகொண்டு ‘கொழுப்பில்லாமல் வெட்டு’ என்று அதட்டுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்தப் பழக்கத்தை நீ விமானம் ஏற்றிக்கொண்டு போகாதே. நீண்ட வேக்காட்டில் கொழுப்பும் ஜெலட்டினும் சேர்ந்துதான் கறியைக் காக்கின்றன. உறைந்த கறி வாங்கினால் முந்தின நாளே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுதாக உருகவிடு. கல்லாக இருப்பதை அப்படியே குக்கரில் போட்டால் 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் நெடுநேரம் கிடக்கும். கிருமிகள் பெருக அதைவிட வசதியான இடம் கிடையாது.

எலும்புப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் அது கரையாது. மசாலாவையும் உள்ளே விடாது. ஓர் ஓரத்து எலும்பின் மேல் கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பு. கிளம்பிய நுனியைச் சமையலறைக் காகிதத்தால் பிடித்து இழுத்தால் ஒரே உரியாக வந்துவிடும். வெறும் விரலில் வழுக்கும்.

ஒன்றரைக் கிலோ கறிக்கு உப்பு ஒரு மேசைக்கரண்டி மட்டமாக, இடித்த நல்லமிளகு ஒரு மேசைக்கரண்டி, மிளகாய் வத்தல் தூள் இரண்டு தேக்கரண்டி, சீரகத் தூள் ஒரு தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு எட்டுப் பல், பொடித்த கருப்பட்டி இரண்டு மேசைக்கரண்டி. புகை மணம் வேண்டுமென்றால் வத்தலில் பாதியைக் குறைத்துவிட்டு, புகையூட்டிய பாப்ரிகா தூள் சேர்த்துக்கொள். எல்லாவற்றையும் கறியில் அழுத்தித் தேய்த்து இரவு முழுதும் குளிரில் வை. கருப்பட்டியை நான் வீம்புக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டிப் பாணிச் சாஸ் என்று தக்காளியும் மொலாசஸ் என்ற கரும்புப் பாகும் சேர்த்துக் கெட்டியாகச் செய்வார்கள். அந்தக் கருத்த இனிப்புக்கு வெள்ளைச் சர்க்கரையைவிட நம் பனங்கருப்பட்டி பல மடங்கு நெருக்கம்.

சாஸுக்கு, கால் கப் தண்ணீரில் கைப்பிடி கருப்பட்டியை உருக்கி வடிகட்டு. மண் இருக்கும், வடிகட்டாமல் விடாதே. அதோடு தக்காளி கெட்சப் ஒரு கப், வினிகர் கால் கப், இஞ்சி, பூண்டு, மிளகு, நசுக்கிய கிராம்பு இரண்டு சேர்த்துச் சிறு தீயில் கால் மணி நேரம் கொதிக்கவிடு. கிராம்பு நம் மாவட்டத்து மலைகளில் விளைந்ததாக இருந்தால் இரண்டே போதும். 2021-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, மணம் தூக்கும்.

இப்போது கறியை மூன்று நான்கு எலும்புகள் கொண்ட துண்டுகளாக வெட்டி, கறிப்பக்கம் குக்கர் சுவரைப் பார்க்கும்படி சுற்றிலும் நிறுத்திவை. அடியில் தடித்த வெங்காய வட்டங்கள். சாஸில் பாதியை மட்டும் ஊற்று. தண்ணீர் வேண்டாம். நம் கை தண்ணீர் ஊற்றத் துடிக்கும், அடக்கு. ஆவி மூடியில் பட்டு உள்ளேயே விழும், அதிகம் வெளியே போகாது. கறியே ஒரு கப் சாறு விடும். தண்ணீர் ஊற்றினால் கிடைப்பது ரிப்ஸ் அல்ல, எலும்பு சூப்.

லோவில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். ஹையில் நான்கு. இரண்டு பொத்தானிலும் குக்கர் கடைசியில் எட்டும் சூடு ஏறத்தாழ ஒன்றுதான். போய்ச் சேரும் வேகம்தான் வேறு. நேரம் இருந்தால் லோதான் நல்லது. இடையில் மூடியைத் திறந்து பார்க்காதே. ஒரு முறை திறந்தால் இருபது நிமிடமாவது கூடுதலாக வேகவைக்க வேண்டிவரும். எலும்பு நுனி ஒரு விரற்கடை வெளியே தெரிந்து, கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் போதும். எலும்பு தானாகக் கழன்று விழுவதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அமெரிக்கப் பார்பிக்யூப் போட்டிகளில் நடுவர்கள் அதை அதிகம் வெந்தது என்று மதிப்பெண் குறைப்பார்கள். கடித்த இடத்தில் பல் தடம் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நீ நடுவருக்காகச் சமைக்கவில்லை, உன் விருப்பம்.

உன் ஷிப்ட்டுக்குப் பதின்மூன்று மணி நேரம் வெளியே இருப்பாய். குக்கரில் டைமர் இருந்தால் ஏழு மணி நேரம் லோ வைத்துவிடு. அதன் பிறகு தானாக வார்முக்கு, அதாவது வெந்ததை ஆறவிடாமல் வைக்கும் நிலைக்கு, மாறும். அதிலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கறி நார் நாராகப் பிரியும். எனவே இதை விடுமுறை நாளில் செய்து பெட்டியில் எடுத்து வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. சுவிட்ச்சில் டைமர் மாட்டி, பச்சைக் கறியை உள்ளே வைத்து, மதியம் தானாக ஆரம்பிக்கட்டும் என்று விட்டுப்போகாதே. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பச்சைக் கறி அறைச் சூட்டில் இருக்கக் கூடாது.

வெந்ததும் அப்படியே சாப்பிட்டால் பாதி வேலைதான் ஆயிற்று. துண்டுகளை உடையாமல் எடுத்துத் தட்டில் அடுக்கு, மீதிச் சாஸைத் தடவு. ஓவனில் மேல் கம்பி மட்டும் எரிகிற கிரில்லைப் போட்டு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வாட்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்பவர்கள் பிராயில் என்ற பொத்தானைத் தேடுங்கள். அங்கேயே நில், போனைப் பார்க்காதே. கருப்பட்டி ஒரு நிமிடத்தில் கரிந்துவிடும். ஜன்னலைத் திற, விசிறியைப் போடு. புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பால்கனியில் கரி அடுப்பு வைக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படி. பல அடுக்குமாடிகளில் அதற்குத் தடை உண்டு.

தொட்டுக்கொள்ள ரொட்டியா? மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) வாங்கு. உறைந்தது ஆப்பிரிக்கக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தேங்காயும் பச்சை மிளகாயும் சீரகமும் ஒன்றிரண்டாக அரைத்துப் போட்டு மசி. குக்கர் அடியில் நிற்கிற சாற்றில் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டுச் சுண்டவைத்து அதன்மேல் ஊற்று.

கேள்வி: திருவட்டாறு, இப்போது நியூ ஜெர்சி

சாஸ் இல்லாமல், நம் வறுத்தரைத்த முறையில் வைக்கலாமா? கறிவேப்பிலையை ஊரிலிருந்து கொண்டுவர முடியுமா?

பதில்: தக்கலை

தாராளமாக வைக்கலாம். தேங்காய், மல்லி, வத்தல், மிளகு, சின்ன உள்ளி எல்லாவற்றையும் சிவக்க வறுத்து, அதிகம் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைத்துக் கறியில் பூசு. ஸ்லோ குக்கர் எதையும் வறுக்காது. பச்சை மசாலாவைப் போட்டால் எட்டு மணி நேரம் கழித்தும் பச்சையாகவே நாறும். தேங்காய்க் கொத்தைக் கடைசியில் தேங்காய் எண்ணெயில் வறுத்துச் சேர். தேங்காய்ப்பால் விடுவதென்றால் கடைசி அரை மணியில்தான்; முன்பே விட்டால் திரிந்துவிடும். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் பயணப் பெட்டியில் அனுமதிப்பதில்லை. கருப்பட்டி கொண்டுபோனால் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடு.

கேள்வி: திருவிதாங்கோடு, இப்போது துபாய்

எங்கள் வீட்டில் பன்றி கிடையாது. மாட்டில் செய்யலாமா?

பதில்: தக்கலை

மாட்டு ஷார்ட் ரிப்ஸ் கேட்டு வாங்குங்கள். எலும்பு தடிமன், எனவே லோவில் எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் பிடிக்கும். கொழுப்பு அதிகம் என்பதால் வினிகரைக் கொஞ்சம் கூட்டலாம், அல்லது ஒரு சுளை குடம்புளி போடலாம். பக்கத்துக்கு ராஜ்மா வைக்கிறீர்கள் என்றால், ஊறிய பயற்றை முதலில் அடுப்பில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே ஸ்லோ குக்கரில் போட வேண்டும். அதிலுள்ள லெக்டின் நச்சு மெல்லிய சூட்டில் அழிவதில்லை, வாந்தியில் கொண்டுவிடும்.

கேள்வி: இரணியல்

அமெரிக்காவிலிருந்து மகன் ஸ்லோ குக்கர் ஒன்று கொண்டுவந்து தந்திருக்கிறான். இங்கே போட்டுப் பார்க்கலாமா?

பதில்: தக்கலை

போட்டுவிடாதீர்கள். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நமது 230. பிளக்கை மட்டும் மாற்றி மாட்டினால் கருகிவிடும். நான் அயர்லாந்திலிருந்து கொண்டுவந்தது 230 வோல்ட் என்பதால் பிளக் மாற்றியதும் ஓடுகிறது. ஆனாலும் மழைக்காலத்தில் அதை எடுப்பதில்லை. ஆளில்லாத நேரத்தில் மின்சாரம் போய் வந்தால் கறி எவ்வளவு நேரம் சூடில்லாமல் கிடந்தது என்று தெரியாது, கொட்டத்தான் வேண்டும். நீங்கள் பிரஷர் குக்கரிலேயே வையுங்கள். அரை டம்ளர் தண்ணீர், ஒரு விசில் வந்ததும் சிறு தீயில் இருபத்தைந்து நிமிடம். ஆவி தானாக அடங்கிய பிறகு துண்டுகளை எடுத்து, இரும்புத் தோசைக்கல்லில் சாஸ் தடவித் தடவிப் புரட்டி எடுங்கள்.