சிறுகிழங்கு வந்திருக்கிறது, தோலை எப்படி எடுப்பது?

ஈரோட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அண்ணனுக்கு இது தலைப்பொங்கல். அண்ணிக்குக் கடையம் பக்கம். அவர்கள் வீட்டிலிருந்து பொங்கல்படி வந்து இறங்கியது: கரும்பு, மஞ்சள் குலை (ஈரோட்டுக்கே மஞ்சள்!), பனங்கிழங்கு, சேனை, அதோடு ஒரு சின்ன மூட்டையில் சிறுகிழங்கு. மற்றதெல்லாம் தெரியும். இந்தக் கடைசி ஐட்டத்தை எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை. நெல்லிக்காய் அளவில் சில, கட்டைவிரல் போல் நீட்டமாகச் சில, எல்லாம் கரிய மண் அப்பி இருக்கிறது.

அண்ணியிடம் கேட்டால், "எங்க அம்மாதான் உரிப்பாங்க, நான் சாப்பிட மட்டும்தான் செய்வேன்" என்று சிரிக்கிறாள். சம்பந்தி அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்க என் அம்மாவுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஆக, வேலை என் தலையில்.

உருளைக்கிழங்கு சீவும் பீலரால் சீவிப் பார்த்தேன். தோலோடு பாதிக் கிழங்கும் போய்விடுகிறது, விரல் நுனியெல்லாம் கறுப்பு. இதற்கென்று ஏதாவது வழி இருக்கிறதா? கருணைக்கிழங்கு மாதிரி தொண்டை அரிக்குமா? சாம்பார் பொடி போட்டு உருளை ரோஸ்ட் மாதிரி செய்யலாம் என்று நினைக்கிறேன், சரியாக வருமா? முழு மூட்டையையும் ஒரே நாளில் தீர்க்க முடியாது, எப்படி வைப்பது?

குமரிக்காரன்:

சாக்கில் போட்டு அடி. அவ்வளவுதான்.

பொருநைக்கரை:

மேலே உள்ள தம்பி சொன்னது சரி, ஆனால் இப்படிச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு என்ன விளங்கும்? நான் விவரமாகச் சொல்கிறேன். அம்பாசமுத்திரத்தில் பிறந்து, கல்லிடைக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவள். மார்கழி பாதியில் தொடங்கி மாசி வரைக்கும் எங்கள் வீட்டில் இந்தக் கிழங்கு இல்லாத வாரம் கிடையாது.

முதலில் ஒன்று. சிறுகிழங்கில் வேலை எல்லாம் தோலில்தான். சமையல் ஒன்றுமே இல்லை. தோல் எடுக்கிற அலுப்பில்தான் பாதிப் பேர் இதை வாங்குவதே இல்லை.

பீலரைக் கீழே வைத்துவிடுங்கள் கண்ணு. கிழங்கை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். மண் இளகும். கையால் அலசி, தண்ணீர் தெளிகிற வரை ரெண்டு மூன்று முறை மாற்றுங்கள். இதில் அவசரப்பட்டால் பிற்பாடு பல்லில் மண் கடிபடும். அப்புறம் ஈரத்தோடேயே ஒரு கோணிச் சாக்கில் அள்ளிப்போட்டு, வாயை இறுக்கிப் பிடித்து, துவைக்கிற கல்லில் மெத்தென்று அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் கிழங்கு உடைந்துவிடும். நாலு அடி அடித்து, சாக்கோடு சேர்த்துத் தரையில் உருட்டித் தேயுங்கள். கிழங்கும் கிழங்கும் உரசி, சாக்கும் உரசி, தோல் மெல்லிசாகக் கழன்று வரும். திறந்து பார்த்தால் முக்கால்வாசி வெளுத்திருக்கும். இடுக்கிலும் கழுத்திலும் ஒட்டியிருப்பதைக் கத்தி முனையால் சுரண்டினால் போதும்.

சுரண்டச் சுரண்டத் தண்ணீரில் போட்டுக்கொண்டே வாருங்கள். காற்றுப் பட்டால் கறுத்துவிடும். கையில் கறை பிடிக்கும், அதற்கு முன்கூட்டியே உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பிடித்த கறை புளியைத் தேய்த்தால் கொஞ்சம் போகும், மிச்சம் தானாகப் போகும். பொங்கல் முடிந்த வாரம் எங்கள் ஊர்ப் பெண்கள் விரலைப் பார்த்தாலே எந்த வீட்டில் கிழங்கு உரித்தார்கள் என்று தெரியும்.

அரிக்காது. பயமே வேண்டாம். கருணையும் சேம்பும் வேறு இனம். அவற்றில் ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகம் இருப்பதால்தான் புளியும் கழுநீரும் தேவைப்படுகிறது. இது நம்ம கற்பூரவள்ளி, துளசி எல்லாம் இருக்கிற குடும்பத்துச் செடி. இலையும் பார்க்க அப்படித்தான் இருக்கும்.

சாம்பார் பொடி வேண்டாம் என்றுதான் சொல்வேன். சிறுகிழங்குக்கு ஒரு மண்வாசனை உண்டு, அதற்காகத்தான் அதைத் தின்பதே. பொடியைக் கொட்டினால் பொடிதான் மணக்கும். முதல் தடவை இப்படிச் செய்து பாருங்கள்:

அரைக்கிலோ கிழங்கு. பெரிசை மட்டும் ரெண்டாக நறுக்கி, சின்னதை முழுசாகவே விடுங்கள். அடிகனமான சட்டியில் கிழங்கு முங்குகிற அளவு தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு மூடி வேகவிடுங்கள். உருளையைவிடக் கொஞ்சம் நேரம் எடுக்கும். கால் மணி, இருபது நிமிஷம் ஆகலாம். கத்தி குத்தினால் தடையில்லாமல் இறங்குகிற பக்குவத்தில் உப்புப் போட்டு, மூடியைத் திறந்து வைத்துத் தண்ணீரை வற்றவிடுங்கள். கால் மூடித் தேங்காய், அரைக் கரண்டி சீரகம், மூன்று வற்றல், நாலு சின்ன வெங்காயம். இவற்றை மிக்ஸியில் ரெண்டு சுற்று மட்டும் விட்டு ஒன்றிரண்டாக எடுத்து அதில் போட்டுப் புரட்டுங்கள். கடைசியில் தேங்காயெண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி இறக்குங்கள். ரசம் சோற்றுக்கு இதுக்கு மேல் ஒன்றும் வேண்டாம். மறுநாள் புளிக்குழம்பு வைத்தால் அதில் நாலு கிழங்கைப் போடுங்கள். அதுவும் எடுப்பாக இருக்கும்.

கொங்கு சமையல்கட்டு:

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? நான் குக்கரில் தோலோடு ரெண்டு விசில் விட்டுவிடுவேன். ஆறினதும் தோல் பிதுக்கினாலே வந்துவிடும், கையும் கறுக்காது.

பொருநைக்கரை:

வரும், இல்லை என்று சொல்லவில்லை. தோலோடு வேகும்போது அந்த மண்ணும் கறையும் வெந்நீரில் இறங்கித் திரும்பக் கிழங்குக்குள்ளேயே போகும். வெளுப்பாக இருக்க வேண்டிய கறி சாம்பல் நிறத்தில் வரும், லேசாகக் கசக்கவும் செய்யும். சின்னக் கிழங்கு ரெண்டாவது விசிலுக்குள் குழைந்துபோகும், பெரிசு அப்போதுதான் வெந்திருக்கும். அவசரத்துக்குச் செய்துகொள்ளுங்கள். ஆனால் சம்பந்தி வீட்டுக் கிழங்கை முதல்முதல் சமைக்கிறவளுக்கு அந்த வழியைக் காட்டாதீர்கள்.

ஈரோட்டுக்காரி:

பெரியம்மா, ரொம்ப நன்றி. ஒரு சிக்கல். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. கோணிச் சாக்கும் இல்லை, துவைக்கிற கல்லும் இல்லை. தரையில் அடித்தால் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிடுவார்.

மறதிமன்னன்:

வாஷிங் மெஷினில் போட்டு ஒரு சுற்று விடுங்கள் 😀

பொருநைக்கரை:

மறதிமன்னன் சொன்னதைக் கேட்டு மெஷினைக் கெடுத்துக்கொள்ளாதே அம்மா. சின்ன வெங்காயம் பத்துக் கிலோவாக வாங்கினால் ஒரு வலைப்பை வருமே, முரட்டு நைலானில், அது போதும். மளிகைக் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். அதில் பாதி அளவுக்குக் கிழங்கைப் போட்டு, வாயை முடிச்சுப் போட்டு, பாத்ரூம் தரையில் ரெண்டு கையாலும் முன்னும் பின்னும் உருட்டித் தேய். மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்த்தால் தோல் வலைக்கண் வழியாக வெளியே போய்விடும். அடிக்க வேண்டிய அவசியமே இல்லை, சத்தமும் வராது. சொல்லப்போனால் சாக்கைவிட இது மேல். ஆனால் முடிக்கும்போது தரை வடிகாலில் ஒரு துணியைப் போட்டு மண்ணை அள்ளி எடுத்துவிடு. அடைத்துக்கொண்டால் அப்போதுதான் கீழ்வீட்டுக்காரர் வருவார்.

திருச்சூர் தமிழன்:

வேலைக்காக இங்கே வந்தபிறகுதான் எனக்கும் இது பழக்கம். இங்கே கூர்க்கா என்பார்கள். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டு, இடித்த வற்றலும் சின்ன வெங்காயமும் சேர்த்து மெழுக்குப்புரட்டி செய்வார்கள். வதங்கி ஓரம் முறுகுகிற வரை சட்டியில் விட வேண்டும். ரோஸ்ட் ஆசை உள்ளவர்களுக்கு அதுதான் பொருத்தம். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் மாட்டிறைச்சியோடு கூர்க்கா போட்டு வறட்டுவது பெரிய விசேஷம். இறைச்சிச் சாறை அப்படியே குடித்துவிடும் இந்தக் கிழங்கு. மட்டனிலும் போடலாம்.

கேரளப் பக்கம் கடையில் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். செறுகிழங்கு என்று கேட்டால் வள்ளி இனத்தைச் சேர்ந்த வேறொரு கிழங்கை எடுத்துப் போடுவார்கள். கூர்க்கா என்றே கேளுங்கள்.

புதியவள்:

அப்பாவுக்குச் சர்க்கரை. கொடுக்கலாமா?

பொருநைக்கரை:

எல்லாக் கிழங்கையும் போல இதிலும் மாவுச்சத்துதான் அதிகம். என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை உண்டு. கிழங்கு வைக்கிற அன்று சோற்றை ஒரு கரண்டி குறைத்துவிடுவேன், கூட ஒரு கீரை. அளவு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என்னை நம்பிக் கொடுக்காதீர்கள்.

ஈரோட்டுப் பெண்ணுக்கு, வைக்கிற விஷயத்தைச் சொல்ல விட்டுப்போனது. கழுவாமல் மண்ணோடு வைத்தால்தான் இருக்கும். மூட்டையை அவிழ்த்து, காற்றோட்டமான இடத்தில் வெயில் படாமல் பரப்பு. பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் வியர்த்து அழுகும். அடிபட்டது, வெட்டுப்பட்டதை முதலில் சமைத்துவிடு. மேலே மரு மாதிரி முடிச்சு முடிச்சாக இருக்கிறதா என்று பார். அது நூற்புழு தாக்கினது. அந்த இடத்தைச் சீவித் தள்ளிவிடு, முழுக்க முடிச்சாக இருந்தால் தூரப் போடு. உரித்ததை ரெண்டு நாள் வரை தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம், தண்ணீரைத் தினம் மாற்ற வேண்டும்.

இன்னொன்று. பொங்கலன்று வைத்த கறியெல்லாம் மிஞ்சியிருந்தால் தனித்தனியாகச் சூடு பண்ணாதே. கிழங்கு, அவியல், பொரியல், மிச்சச் சாம்பார் எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் கொட்டிச் சிறு தீயில் சுண்டவிடு. எங்கள் பக்கம் சுண்டக்கறி என்போம். பழைய சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டால் அண்ணி வாயே திறக்கமாட்டாள், நான் சொன்னேன் என்று சொல்.

ஈரோட்டுக்காரி:

வலைப்பை வேலை செய்தது. பாத்ரூம்தான் வயல் மாதிரி ஆகிவிட்டது, பரவாயில்லை. தேங்காய் அரைத்துப் போட்டுச் செய்தேன். வாயில் போட்டதும் மாவாக உடைந்து, உள்ளே லேசாகப் பிசுக்கென்று ஒட்டுகிறது. உருளையில் இது இல்லை. அப்பா முதலில் "என்ன, மண்வாடை அடிக்குது" என்றார். ரசம் ஊற்றின பிறகு சத்தமில்லாமல் ரெண்டாம் தடவை போட்டுக்கொண்டார். அம்மாவும் ஒருவழியாகச் சம்பந்திக்குப் போன் போட்டாள். என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள், ஒரு மணி நேரம் ஓடியது.

எனக்கென்னவோ அடுத்த முறை திருச்சூர் அண்ணன் சொன்னபடி முறுக விட்டுச் செய்யத்தான் ஆசை. பெரியம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது.

மூட்டை அடியில் சில கிழங்கில் முளை வந்திருக்கிறது. தூர எறியவா, மொட்டைமாடித் தொட்டியில் நடலாமா?

பொருநைக்கரை:

முறுக விடு, எனக்கென்ன கோபம். சாம்பார் பொடி போடாத வரைக்கும் சரிதான்.

முளைத்ததை எறியாதே. ஆனால் கிழங்கை நட்டு அப்படியே அறுவடை செய்கிற பயிர் இல்லை இது. முதலில் ஒரு தொட்டியில் கிழங்கைப் புதைத்துக் கொடி வளரவிட வேண்டும். அந்தக் கொடியின் நுனியை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி வேறு இடத்தில் நட வேண்டும். எங்கள் பக்கம் ஆடி, ஆவணி, புரட்டாசியில் நடுவார்கள், நட்டு ஐந்து மாதத்தில் தோண்டலாம். அதனால் முளை வந்ததை இப்போதைக்கு நிழலில் போட்டுவைத்து, வைகாசி வாக்கில் மண்ணில் வை.

குமரிக்காரன்:

ரகம் வேண்டும் என்றால் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஸ்ரீதரா என்ற ரகம் அவர்கள் வெளியிட்டதுதான். தொட்டிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், கையில் இருப்பதே போதும். மண் பொலபொலவென்று இருக்கட்டும், பாதி மணல் கலக்கலாம். கொடி தரையில் படர்கிற இடத்தில் ஒரு தடவை மண் அணைத்துவிடுங்கள், அதில்தான் கிழங்கு பிடிக்கும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். மொட்டைமாடி என்றாலும் எலி மோப்பம் பிடித்து ஏறிவரும், அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே கம்பி வலை போட்டுவிடுங்கள்.