முழு நெல்லும் மேய்ச்சலும் மட்டும் காணுமோ?

ஒட்டுசுட்டான்காரன்:
8 பேடு, 1 சேவல், எல்லாம் ஊர்க்கோழி. காலபோக நெல் கிடக்கிறதால லேயர் மாஸை (கடையில வாங்கிற முட்டைக்கோழித் தீனி) நிறுத்தி 6 கிழமை. முட்டை பாதியாக் குறைஞ்சிட்டுது, கோது கையில எடுக்கவே நொருங்குது. நெல்லைக் கூட்டிப் போட்டும் மாற்றமில்லை. குரக்கன், சோளம் கலந்தால் சரிவருமோ? ஒரு மாதக் குஞ்சு 11 நிக்குது, அதுகளுக்கும் முழுசாப் போடலாமோ?

குளக்கட்டு:
நெல்லைக் கூட்டினதுதான் பிழை. நெல்லில புரதம் 8% அளவு, முட்டையிடுற பேட்டுக்கு 16% வேணும். குரக்கனும் சோளமும் அதே கணக்குத்தான், மூண்டைக் கலந்தாலும் ஏறாது. வயிறு நெல்லால நிரம்பினால் புழு பூச்சி தேடிக் கிளறவும் போகாது.

காலமை வெறும் வயித்தோட திறந்து விடாமல், ஒன்பதுக்கும் சேர்த்து எள்ளுப் புண்ணாக்கு 70 கிராம், உப்பில்லாமக் காஞ்ச நெத்தலித்தலை இடிச்சது 30 கிராம், ஒரு பிடி தவிட்டோட ஈரமாப் பிசைஞ்சு வையுங்கோ. அரை மணித்தியாலத்தில முடிய வேணும், மிஞ்சினால் புளிக்கும். உப்புக் கருவாடு வேண்டாம், தண்ணியாக் கழியும். பின்னேரம் 5 மணிக்கு நெல் 250, உடைச்ச சோளம் 100 கிராம் கூட்டடியில எறியுங்கோ. தானாவே வந்து அடையும்.

கோதுக்கு வேற வழி. ஒரு முட்டைக்கோதுக்குச் சுமார் 2 கிராம் கல்சியம் போகுது; நெல்லில அது இல்லையெண்டே சொல்லலாம். மட்டி ஓட்டைக் கழுவி, மாவாக்காமல் உழுந்துப் பருமனுக்கு உடைச்சுத் தனிச் சட்டியில வையுங்கோ. கோது இரவிலதான் கட்டுறது, பெரிய துண்டுதான் அதுவரை வயித்தில நிண்டு கரையும். தீனியில கலக்காதேங்கோ, சேவலுக்குத் தேவையில்லை.

பனங்கூடல்:
குஞ்சுக்கு முழு நெல் இப்ப வேண்டாம், உமி குத்தும். 2 மாத வயது வரைக்கும் குறுணலும் குரக்கனும், அதோட கறையான். பழைய முட்டிக்குள்ள ஈர வைக்கோல், காஞ்ச சாணி அடைச்சுப் புற்றடியில பின்னேரம் கவிழ்த்தால் விடிய எடுக்கலாம். வெயில் ஏற முன்னம் எடுக்காட்டி எறும்பு முந்தும். மருந்தடிச்ச புற்று வேண்டாம்.

வெளியில கிளறுறதுக்குக் கிரவலே வயித்தில தானியம் அரைக்கிற கல். அடைச்சு வளர்த்தால் 2–4 மில்லிமீற்றர்க் கல் வையுங்கோ, இல்லாட்டி முழுத்தானியம் அரையாது.

சோளகத்துக்குப் புல் கருகிடும். முருங்கைக் கொப்பைக் கோழி எட்டுற உயரத்தில கட்டித் தொங்க விடுங்கோ. இபில் இபில் மர இலை எண்டால் காய வைச்சு, தீனியில 5 வீதத்துக்கு மேல வேண்டாம். அதில நஞ்சு இருக்கு.

ஒட்டுசுட்டான்காரன்:
நெல்லை முளைக்கப் போட்டால் புரதம் கூடுமோ?

குளக்கட்டு:
பெரிசாக் கூடாது, செமிக்கிறது லேசு. 12 மணித்தியாலம் ஊற வைச்சு வடிச்சு, சாக்கில கட்டி, வெள்ளை முளை எட்டிப் பார்த்த உடனே போடுங்கோ. நூல் நூலாப் பூஞ்சணம் பிடிச்சால் முழுவதையும் வெட்டித் தாழுங்கோ, கழுவிக் குடுக்க ஏலாது. விதைநெல் மிச்சமெண்டால் மருந்து பிரட்டினதோ எண்டு முதல்ல பாருங்கோ.