கலிபோர்னியா ‘ப்ராப்’களும் நாமும்: அனுபவப் பகிர்வு

சன்னிவேல் உறுப்பினர்

குடியுரிமை பெற்று வாக்காளராகப் பதிவு செய்துகொண்ட பின், வேட்பாளர்களைத் தேர்ந்தெடுப்பதைவிட எனக்குக் கடினமாக இருந்தவை, ‘ப்ராப்’ என்று இங்கே எல்லோரும் சுருக்கிச் சொல்லும், வாக்காளர்களே நேரடியாக ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று முடிவு செய்யும் மாநில முன்மொழிவுகளே. சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சட்டம் இயற்றும் வேலையை ஐந்தாண்டுகளுக்கு அவரிடமே ஒப்படைத்துவிடும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். இங்கோ 2024 நவம்பர் வாக்குச்சீட்டில் பள்ளிக் கட்டடக் கடன் பத்திரம், குறைந்தபட்ச ஊதியம், வாடகைக் கட்டுப்பாடு, திருட்டுக் குற்றத்துக்கான தண்டனை எனப் பத்து முன்மொழிவுகள் வரிசையாக நின்றன. ரயில்வே நிறுவனத்தின் பிடியில் இருந்த சட்டமன்றத்துக்குக் கடிவாளம் போடுவதற்காக, ஆளுநர் ஹிராம் ஜான்சன் காலத்தில், 1911இல், இந்த முறை கொண்டுவரப்பட்டது. இன்று அது எப்படி நடக்கிறது என்பதை அவரவர் கண்ட அளவில் எழுதினால் புதிதாக வாக்களிப்பவர்களுக்கு உதவும்.

மக்கள் தரப்பிலிருந்து ஒரு முன்மொழிவு வாக்குச்சீட்டுக்கு வர, மனுவில் வாக்காளர்களின் கையெழுத்துகளைத் திரட்ட வேண்டும். என் அனுபவம் அந்தக் கையெழுத்து மேசையில் தொடங்குகிறது. மளிகைக் கடை வாசலில் மடக்கு மேசை போட்டு நின்றவர், “வாடகை ஏறாமல் இருக்க ஒரு கையெழுத்து” என்று சொல்லி அட்டையை நீட்டினார். அந்த மனுவுக்கு அடியில் வேறு பொருள்கள் பற்றிய மனுக்களும் இருந்தன. முதலாவதில் கையெழுத்திட்டு முடிப்பதற்குள் அடுத்ததைப் புரட்டிக் காட்டுவது அவர்கள் வழக்கம். மனுவைக் கொண்டுவருபவர் ஊதியம் பெறுபவராகவும் இருக்கலாம், தன்னார்வலராகவும் இருக்கலாம், அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று மனுவிலேயே அச்சிட்டிருக்கும். நான் கேட்டேன். அவர் சிறிதும் தயங்காமல், கையெழுத்துக்கு இவ்வளவு என்று பணம் பெறுவதாகவும், கெடு நெருங்கும் மனுக்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பதாகவும் சொன்னார். அந்த மனுவுக்கு அதிகமாகப் பணம் கொடுத்தவர்களின் பட்டியல் எங்கே என்றதும் மேசைக்கடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கையெழுத்துக்கு இத்தனை என்று கூலி கொடுப்பது கலிபோர்னியாவில் சட்டப்படி சரியே. அதைத் தடை செய்யச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர்கள் மறுத்து வந்திருக்கிறார்கள். பட்டியலைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது என்பது என் கருத்து.

சாக்ரமெண்டோ உறுப்பினர்

அந்தக் கையெழுத்துகள் பிறகு எங்கே போகின்றன என்பதை நான் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கவுண்ட்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) தேர்தல் அலுவலகத்தில் தற்காலிகப் பணியாளராக மனுக்களைச் சரிபார்க்கும் வேலை பார்த்தேன். இப்போதுள்ள கணக்கின்படி சாதாரணச் சட்டத்துக்கு 5,46,651 கையெழுத்துகளும், மாநில அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 8,74,641 கையெழுத்துகளும் தேவை. கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் முறையே 5 சதவீதமும் 8 சதவீதமும் ஆகும் தொகைகள் இவை. 180 நாள்களுக்குள் இவற்றைத் திரட்டி முடிக்க வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் இதைச் செய்ய முடியுமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எல்லாக் கையெழுத்துகளையும் முதலிலேயே சரிபார்ப்பதில்லை. ஒவ்வொரு கவுண்ட்டியும் தனக்கு வந்தவற்றில் 3 சதவீதம் அல்லது 500, இவற்றில் எது அதிகமோ அத்தனையைக் குலுக்கல் முறையில் எடுக்கிறது. திரையின் ஒரு பக்கத்தில் மனுவின் வரி, மறுபக்கத்தில் வாக்காளரின் பதிவுப் படிவம்: பெயர், முகவரி, கையெழுத்து என ஒவ்வொன்றாக ஒப்பிடுவோம். வீடு மாறிவிட்டுப் பதிவைப் புதுப்பிக்காதவர்கள், பதிவே செய்துகொள்ளாதவர்கள், பக்கத்துக் கவுண்ட்டிக்காரர்கள் எனத் தள்ளுபடியாகும் வரிகள் நிறைய வரும். ஆனால் மனுக்காரர்கள் உண்மையில் அஞ்ச வேண்டியது ஒரே ஆள் இரண்டு முறை போட்ட கையெழுத்துக்கு. நூற்றுக்கு மூன்றை மட்டும் எடுத்துப் பார்க்கும்போதே ஒரு இரட்டைப் பதிவு சிக்கினால், பார்க்காத மீதியில் அத்தகையவை ஏராளமாக இருக்கும் என்று சூத்திரம் கொள்கிறது. அதனால் பெரிய கவுண்ட்டியில் அப்படி ஒன்று அகப்பட்டால் மொத்தத்தில் ஆயிரத்துக்கும் மேல் கழிந்துவிடும். இப்படிக் கணிக்கும் செல்லுபடியான கையெழுத்துகளின் தொகை, தேவையான எண்ணிக்கையில் 110 சதவீதத்தைத் தாண்டினால் மனு தேறும், 95 சதவீதத்துக்குக் கீழே போனால் வீழும், இடையில் நின்றால் அத்தனையையும் எண்ணித் தீர வேண்டும்.

ஃப்ரீமாண்ட் உறுப்பினர்

கையெழுத்து மேசையையும் அலுவலகத்தையும் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் சண்டையே வாக்காளர் தகவல் கையேடு தபாலில் வந்த பிறகுதான் தொடங்கும். அதிலும் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை நிறுத்தக் கோரும் ‘ரெஃபரெண்டம்’ வகை வந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். கடைகளில் மெல்லிய பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்யும் சட்டத்தில் 2014இல் ஆளுநர் கையொப்பமிட்டார். பை தயாரிக்கும் தொழில் தரப்பினர் கையெழுத்து திரட்டியதால் அது 2016 நவம்பர் வரை கிடப்பில் கிடந்து, ப்ராப் 67 என்ற எண்ணோடு வாக்குச்சீட்டுக்கு வந்தது.

அப்பா அப்போதுதான் குடியுரிமை பெற்றிருந்தார். “பை வேண்டுமென்கிறவர்கள்தானே கையெழுத்து வாங்கினார்கள்? அப்படியானால் பை வேண்டாமென்கிற நான் ‘இல்லை’ என்றுதானே போட வேண்டும்?” என்று கேட்டார். “இல்லையப்பா, கேட்டவர்கள் யாராக இருந்தாலும் கேள்வி சட்டத்தைப் பற்றியதுதான்; ‘ஆம்’ என்றால் தடை நிற்கும், ‘இல்லை’ என்றால் தடை போய்விடும்” என்று விளக்கி முடிப்பதற்குள், பக்கத்திலேயே பைக் கட்டணம் எங்கே போக வேண்டும் என்று கேட்கும் ப்ராப் 65 இருப்பதைக் கண்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ப்ராப் 67 சுமார் 53 சதவீத வாக்குகளோடு நிலைபெற்றது. ப்ராப் 65 தோற்றது. அன்று முதல் நாங்கள் பின்பற்றுகிற வழி இதுதான்: இரு தரப்பு வாதங்களையும் படிக்கும் முன், கட்சி சாராத சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம் எழுதும் விளக்கத்தைப் படித்து, ‘ஆம்’ வென்றால் என்ன ஆகும், ‘இல்லை’ வென்றால் என்ன ஆகும் என்ற சிறு கட்டத்தைப் பென்சிலால் கோடிட்டுக்கொள்வோம்.

இர்வைன் உறுப்பினர்

கையேட்டைப் படிப்பவர்கள் நம்மைப் போல் சிலரே. பலர் வாக்குச்சீட்டில் அச்சிட்ட சில வரிகளோடு நின்றுவிடுவார்கள். அந்த வரிகளை எழுதுபவர் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி), அவரும் தேர்தலில் நின்று வென்ற அரசியல்வாதி. 2017இல் கேலனுக்கு 12 சென்ட் உயர்த்தப்பட்ட பெட்ரோல் வரியை நீக்கக் கோரி மறு ஆண்டு ப்ராப் 6 வந்தபோது, அதன் தலைப்பு சாலைப் பழுதுபார்ப்புக்கும் போக்குவரத்துக்குமான நிதியை ஒழிப்பது என்றே தொடங்கியது. நாள்தோறும் 405 நெடுஞ்சாலையில் ஊர்ந்து போகும் என் சக ஊழியர் ஒருவர், வரியைத் திட்டிக்கொண்டே இருந்தவர், அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு ‘இல்லை’ என்று குறித்ததாகச் சொன்னார். சுமார் 57 சதவீதம் பேர் எதிர்த்ததால் அது தோற்றது. தலைப்பு பொய்யில்லை, ஆனால் எதை முதலில் சொல்வது என்பதில் ஒரு சார்பு இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020இல் ஊபர், லிஃப்ட், டோர்டேஷ் உள்ளிட்ட நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு, ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கொள்ளாமல் இருக்க வழிசெய்யும் ப்ராப் 22ஐ வென்றெடுத்தன. 2024 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. பணம் எப்போதும் வெல்லும் என்றும் சொல்ல முடியாது: 2022இல் விளையாட்டுச் சூதாட்டத்துக்காக வந்த 26, 27 ஆகிய இரண்டு முன்மொழிவுகளுக்கும் ஆதரவாகவும் எதிராகவும் 40 கோடி டாலருக்கும் மேல் கொட்டப்பட்டது, இரண்டுமே படுதோல்வி அடைந்தன. அந்த மாதங்களில் தொலைக்காட்சியைப் போட்டாலே அந்த விளம்பரந்தான். எதிர்க்கும் பக்கத்துக்கு இருக்கும் வசதி, சந்தேகத்தை விதைத்தாலே போதும். குழம்பிய வாக்காளர் ‘இல்லை’ என்றே குறிப்பார்.

வாக்குச்சீட்டுக்கு வராமலே முடிவாகிறவையும் உண்டு. தேர்தலுக்கு 131 நாள்களுக்கு முன் வரை மனுக்காரர்கள் தங்கள் முன்மொழிவைத் திரும்பப் பெறலாம் என்பதால், அது பேரம் பேசும் ஆயுதமாகிவிட்டது. 2018 ஜூன் 28 அன்று, கெடுவின் கடைசி நாளில், நுகர்வோர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி ஆளுநரின் கையொப்பமும் பெற, அதற்கான மனு விலக்கிக்கொள்ளப்பட்டது. அதே நாளில், குளிர்பான நிறுவனங்கள் தங்கள் மனுவை விலக்க, அதற்கு ஈடாக உள்ளூர் அமைப்புகள் புதிய சோடா வரி விதிப்பதற்கு 2031 வரை தடை வந்தது. கையெழுத்திட்ட லட்சக்கணக்கானவர்களை அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

டாம்பா உறுப்பினர்

கலிபோர்னியாவில் பாதிக்கு மேல் ஒரு வாக்கு கிடைத்தால் போதும் என்பதால் உங்களுக்கு எண்ணிக்கை நாளில் இந்தத் தவிப்பு தெரியாது. ஃபுளோரிடாவில் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 60 சதவீதம் வேண்டும். 2024இல் கருக்கலைப்பு உரிமைக்கான நான்காம் திருத்தத்துக்குச் சுமார் 57 சதவீதமும், கஞ்சாவை அனுமதிக்கும் மூன்றாம் திருத்தத்துக்குச் சுமார் 56 சதவீதமும் ஆதரவு கிடைத்தும் இரண்டும் வீழ்ந்தன. அன்றிரவு எங்கள் தெருவில், “பெரும்பான்மை நமக்குத்தானே, பிறகு எப்படித் தோற்றோம்?” என்று ஒரு பெண்மணி அண்டை வீட்டாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த 60 சதவீத விதியை 2006இல் வாக்காளர்களே ஏற்றார்கள். அதற்குக் கிடைத்த ஆதரவு 58 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.